மூலப்பத்திரம் இல்லாத வீடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

ஒரு லாரியின் எடை மைனஸ் 27,076 கிலோ என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. ஆனால் நான் எழுதிய முதல் நிரல் அப்படித்தான் சொன்னது.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடை விடுமுறை அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் நான். வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாதே என்ற அச்சத்தில் ஒரு கணிப்பொறிப் பயிற்சி நிலையத்தில் சி மொழி கற்கச் சேர்ந்தேன். முதல் நாளே, "டாஸ்பாக்ஸைத் திற, அதற்குள்ளே டர்போ சி-யைத் திற" என்றார்கள். நீல நிறத் திரை ஒன்று வந்தது. ஏன் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோயிலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது போல அதுவும் ஒரு முறை என்று எண்ணிக்கொண்டேன்.

என் தந்தையார் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் எடை மேடையில் வேலை செய்கிறார். வே பிரிட்ஜ் என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். லோடு வண்டியை ஏற்றி ஒரு எடை, சரக்கை இறக்கியபின் காலி வண்டியை ஏற்றி ஒரு எடை, இரண்டையும் கழித்தால் நிகர எடை. ஆகவே நான் எழுதிய முதல் நிரலே எடைச் சீட்டு நிரல்தான். தந்தையார் பக்கத்தில் அமர்ந்து ஒரு டிரெய்லர் லாரியின் கணக்கைச் சொன்னார். லோடு வண்டி 38,460. காலி வண்டி 12,300. திரையில் வந்தது: லோடு வண்டி மைனஸ் 27,076! வேடிக்கை என்னவென்றால் நிகர எடை மட்டும் 26,160 என்று சரியாகவே வந்தது. "வண்டி ஆகாசத்துல பறக்குதா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் தந்தையார் சாப்பிடப் போய்விட்டார்.

கல்லூரியில் சேர்ந்த பின்னர்தான் விளங்கிற்று. போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி, 16 பிட் நுண்செயலிகளின் காலத்துக் கம்பைலர். அதில் ஒரு முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான். 32,767-ஐத் தாண்டினால் கணக்கு எதிர்மறைப் பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடும். அதே நிரலை நம் ஆய்வகத்தில் ஜி.சி.சி. கம்பைலரிடம் கொடுத்தபோது முதலில் ஏகப்பட்ட பிழைகள். திரையைத் துடைக்கும் கட்டளை தெரியாது என்றது. நான் சேர்த்திருந்த கோனியோ கோப்பு எங்கே என்றது. "ஐயா, இந்தக் கம்பைலர் சரியில்லை" என்று பேராசிரியரிடம் போய் முறையிட்டேன்! அவர் சிரித்தார். "நீ கற்றுக்கொண்டு வந்தது சி மொழி இல்லை தம்பி, ஒரு பழைய கம்பைலரின் பழக்கவழக்கம்" என்றார். பிழைகளைத் திருத்தியபின் லாரி தரைக்கு இறங்கி வந்தது. 38,460.

இதைச் சிரித்து மறந்திருப்பேன். 2025 ஐப்பசி மழை மறக்க விடவில்லை.

ஒருநாள் இரவு இடி இறங்கியதில் தந்தையார் வேலை செய்யும் எடை மேடையின் கணிப்பொறி போய்விட்டது. தாய்ப்பலகையே கருகிவிட்டதாம். ஆலையில் மறுநாளே புதிய கணிப்பொறி வாங்கிவிட்டார்கள், விண்டோஸ் 11-உடன். நல்ல வேளையாக நிரலும் கணக்குகளும் இருந்த வன்தட்டு பிழைத்தது. ஆனால் நிரலைப் புதிய கணிப்பொறியில் வைத்துத் தட்டினால், இது உங்கள் கணிப்பொறியில் ஓடாது என்று ஒரே ஒரு செய்தி. லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. தந்தையார் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? புதுப் பொட்டியில பழைய புரோகிராம் ஓட மாட்டேங்குது. வந்து பாக்கறியா?"

"வர்றேன் நைனா" என்று சொல்லிவிட்டேன். சொன்னபின் வயிறு கலங்கியது. பொன்னேரியில் மின்சார ரயில் ஏறிக் கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கும்வரை, எனக்கு என்ன தெரியும் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

நண்பர்களே, புதிய பொறி பழைய நிரலை ஏன் மறுக்கிறது? நுண்செயலி என்பது சில கட்டளைகளை மட்டும் புரிந்துகொள்ளும் ஒரு வேலையாள். எந்த எந்தக் கட்டளை அதற்குப் புரியும் என்ற அமைப்பைத்தான் அதன் கட்டமைப்பு என்கிறோம். இன்டெல் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட 8086-க்கு 16 பிட் மொழி ஒன்றே தெரியும். 1985-இல் வந்த 80386 புதிதாக 32 பிட் மொழி பேசியது. ஆயினும் பழைய டாஸ் நிரல்களுக்காக 8086 போலவே நடிக்கும் ஒரு வேடத்தையும் கைவசம் வைத்திருந்தது. நம் பக்கத்து மக்கள் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுவது போல. 2003-இல் ஏ.எம்.டி. நிறுவனம் 64 பிட் முறையைக் கொண்டுவந்தபோது, அந்த முறையில் இயங்கும் நேரத்தில் பழைய வேடம் கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். அதனால் 64 பிட் விண்டோஸ் எதிலும் டாஸ் நிரல் நேராக ஓடாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்று இருந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு அதுவும் இல்லை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் முடிந்துவிட்டது. எடை மேடைக்கு விழுந்த இடி ஒரு சாக்கு. அந்த நாள் என்றைக்கிருந்தாலும் வரவேண்டியதே.

மொழி தெரியாத இருவருக்கு நடுவே அந்தக் காலத்தில் சென்னைப் பட்டினத்தில் துபாஷி நின்றான் அல்லவா? கணிப்பொறியிலும் துபாஷிகள் உண்டு. எமுலேட்டர் என்பார்கள். இல்லாத பழைய பொறியைப் புதிய பொறிக்குள் இருப்பதுபோலக் காட்டி, பழைய நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் புதிய பொறிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் நிரல் அது. டாஸ்பாக்ஸ் அப்படிப்பட்ட ஒரு துபாஷி. கோடை விடுமுறையில் நான் செருப்புக் கழற்றுவதாக எண்ணிக்கொண்டிருந்தது இதைத்தான்!

ஆனால் டாஸ்பாக்ஸ் பழைய விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. சீட்டு அச்சிடுவது அதன் வேலை அல்ல. அதன் வழிவந்த, அச்சிடவும் தெரிந்த வேறொரு வகையைத் தேடிப் பிடித்தேன். எடை காட்டும் கருவி 9 முனை வடத்தில் பேசும். புதிய கணிப்பொறியில் அந்தத் துளையே இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் யு.எஸ்.பி.க்கு மாற்றும் வடம் வாங்கி வந்தேன். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கு இன்னொரு வடம். இரண்டாம் நாள் மாலை கருப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வந்து, அச்சுப்பொறி கர்ரென்று சத்தமிட்டுச் சீட்டைத் துப்பியது. சூப்பர்வைசர் எனக்கு டீயும் இரண்டு பஜ்ஜியும் வரவழைத்தார். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி ஓட்டுநர்களிடம் மட்டும், "என் பையன்தான், பொன்னேரி காலேஜ்" என்று மூன்று முறை சொன்னது என் காதில் விழுந்தது.

இத்துடன் நான் நிறுத்தியிருந்தால் இது வெற்றிக் கதை. நிறுத்த முடியவில்லை.

நிரல் ஓடாத இரண்டு நாளும் தந்தையார் சீட்டைக் கையால் எழுதியிருந்தார். பழைய இரும்பில் மண்ணும் துருவும் இருக்கும் என்பதால் அந்த ஆலையில் நிகர எடையில் நூற்றுக்கு இரண்டு கழிப்பார்கள். டாட்டா ஏஸ் வண்டியில் வந்த சில்லறை வியாபாரி ஒருவருக்கு நிகர எடை 1,240. நூற்றுக்கு இரண்டு என்றால் 24.8 கிலோ. தந்தையார் 25 கழித்து 1,215 என்று எழுதிக் கொடுத்தார். நிரல் உயிர்பெற்றதும் சரிபார்ப்பதற்காக அதே கணக்கை அதில் போட்டோம். அது 30 கழித்து 1,210 என்றது. இன்னொரு சீட்டைப் போட்டோம், அதிலும் அப்படியே. கழிவு எவ்வளவாக இருந்தாலும் அடுத்த பத்துக்கு ஏற்றிக் கழிக்கிறது அந்த நிரல்!

ஐந்து கிலோ. அன்றைய விலைக்கு நூற்றைம்பது ரூபாய். லாரி முதலாளிக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் லாரியானாலும் டாட்டா ஏஸ் ஆனாலும் இந்த ஏற்றத்தில் போவது சராசரியாக அதே ஐந்து கிலோதான் என்பதைக் கவனியுங்கள். இருபது டன் கொண்டுவருபவனுக்கும் ஐந்து, தெருத் தெருவாய்ப் பொறுக்கிச் சேர்த்து ஒரு டன் கொண்டுவருபவனுக்கும் ஐந்து. சுமை யார் தலையில் அதிகம்? எத்தனை ஆண்டுகளாக? ஆலையின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. தந்தையார் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். அதோடு, ஆலைக்காரர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கே தெரியாது. எடை மேடை பத்துப் பத்தாகக் காட்டுவதால் கழிவையும் பத்துப் பத்தாக வைப்போம் என்று 1990-களில் யாரோ ஒருவர் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த ஒரு வரியை மாற்றிவிடலாம் அல்லவா? அங்கேதான் கதவு மூடியிருந்தது.

நிரல் கிளிப்பர் என்ற மொழியில் எழுதப்பட்டது. டாஸ் காலத்தில் கடைக்கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் இதிலும் பாக்ஸ்புரோவிலும்தான் எழுதினார்கள். மனிதன் படிக்கக்கூடிய மூலநிரலைக் கம்பைலரிடம் கொடுத்தால் பொறி மட்டும் படிக்கக்கூடிய கோப்பு கிடைக்கும். ஆலையிடம் இருப்பது அந்தக் கோப்பு மட்டுமே. மூலநிரல் எழுதியவரிடம். எழுதியவர் எங்கே? திரையின் அடியில் அவருடைய தொலைபேசி எண் இன்னும் மின்னுகிறது, ஏழு இலக்கத்தில்! சென்னை எண்கள் எட்டு இலக்கமாகி எத்தனை ஆண்டுகள் ஆயின! முன்னால் ஓர் எண்ணைச் சேர்த்து அழைத்தும் பார்த்தோம். ஒரு மருந்துக்கடையில் எடுத்தார்கள்.

கணக்குகள் இருந்த கோப்புகளையாவது காப்பாற்றிப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். அவை டி.பி.எஃப். வகைக் கோப்புகள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸிலேயே திறந்துகொண்டன. வரிசை வரிசையாக வண்டி எண், தேதி, எடை. ஆண்டு மட்டும் இரண்டு இலக்கம். ஆக, பதிவுகள் நம் கையில்; கணக்குப் போடும் விதி நம் கையில் இல்லை. இன்னொரு செய்தியையும் பிறகு அறிந்தேன். கிளிப்பர் மொழிக்கு ஹார்பர் என்றொரு திறந்தமூலக் கம்பைலர் உண்டு. பழைய மூலநிரலைக் கொடுத்தால் இன்றைய 64 பிட் பொறிக்கே நேராக மாற்றித் தரும். லினக்சிலும் ஓடும். மூலநிரல் மட்டும் இருந்திருந்தால் துபாஷியே வேண்டாம். சில வடங்களைப் பற்றிய வரிகளைத் திருத்திவிட்டு வேலையை முடித்திருக்கலாம்.

எங்கள் வீட்டு நினைவு வந்தது. தாத்தா அந்த மனையை வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினார். மூலப்பத்திரம் இல்லை. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம், யாரும் கிளம்பு என்று சொல்லவில்லை. ஆனால் கடன் கேட்டுப் போனால் மூலப்பத்திரம் எங்கே என்கிறார்கள். விற்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது, மேலே ஒரு மாடி எழுப்ப யாரும் பணம் தரமாட்டார்கள். குடியிருக்கலாம், அவ்வளவுதான். ஆலையின் நிரலும் அப்படியே. ஓட்டலாம், மாற்ற முடியாது. மூலநிரல் என்று தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, மூலப்பத்திரத்தை எண்ணித்தான் வைத்தாரோ என்றுகூடத் தோன்றியது.

துபாஷி உண்மையுள்ளவன். அதில்தான் சிக்கல். சொன்னதைச் சொன்னபடியே சொல்வான். பழைய நிரலின் உழைப்பை மட்டுமல்ல, அதன் தவறையும் ஒரு கிலோ குறையாமல் புதிய பொறிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். நான் அவனைக் கூட்டிவந்தேன். அந்தப் பஜ்ஜி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

இதற்கு மாறான ஒரு கதையும் நம் நாட்டில்தான் நடந்தது. நம்மில் பலர் அதன் பயனை அனுபவித்துக்கொண்டே இருக்கிறோம், ரயில் முன்பதிவில்! 1980-களின் நடுவில் புதுடில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவை சி.எம்.சி. நிறுவனம் வாக்ஸ் என்ற கணிப்பொறியில் அமைத்துத் தந்தது. பெரும்பகுதி ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டிருந்தது. 1986-இல் ரயில்வே தனக்கென்று கிரிஸ் என்ற தகவல் அமைப்பு மையத்தை ஏற்படுத்திக்கொண்டது. அந்த மையம் சி மொழியில் கான்செர்ட் என்ற மென்பொருளைப் புதிதாக எழுதியது. 1994-இல் செகந்திராபாத்தில் அது முதலில் ஓடியது. 1999-க்குள் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன. இத்தனை ஆண்டுகளில் அடியிலிருந்த பொறிகள் வாக்ஸிலிருந்து ஆல்ஃபாவுக்கும், ஆல்ஃபாவிலிருந்து ஐட்டேனியத்துக்கும் மாறின. மூன்றும் வெவ்வேறு கட்டமைப்புகள். ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. ஆனாலும் பொன்னேரியிலிருந்து சென்ட்ரலுக்குப் போய்த் திருநெல்வேலிக்குப் படுக்கை எடுத்த யாருக்கும் பொறி மாறியது தெரியாது. எழுதியவர்களும் மூலநிரலும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். பொறி மாறும்போது மூலநிரலைப் புதிய கம்பைலரிடம் கொடுக்க முடிந்தது.

ஐட்டேனியத்தின் கதையே தனி. 2001-இல் இன்டெல் அதைப் பெரும் ஆரவாரத்துடன் கொண்டுவந்தது. பழைய நிரல்கள் அதில் தள்ளாடித்தான் ஓடின. இரண்டாண்டு கழித்துப் பழைய 32 பிட் நிரல்களை வேகம் குறையாமல் ஓட்டிக்கொண்டே புதிய 64 பிட்டுக்கும் வழிவிட்ட ஏ.எம்.டி.யின் முறையை உலகம் எடுத்துக்கொண்டது. ஐட்டேனியம் 2021-இல் ஏற்றுமதி நின்று முடிந்தது. ஆக, பழைய மென்பொருளைப் புறக்கணித்த நுண்செயலிதான் புறக்கணிக்கப்பட்டது! 1964-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசையைக் கொண்டுவந்தபோதே முந்தைய 1401 நிரல்களை ஓட்டும் துபாஷியையும் உடன் கொடுத்தது அவர்களுடைய வியாபார அறிவு.

ஆப்பிள் நிறுவனம் இந்த வீடு மாற்றத்தை மூன்று முறை செய்துவிட்டது. 1994-இல் பவர் பிசி, 2006-இல் இன்டெல், 2020-இல் தன் சொந்த ஆர்ம் வகைச் செயலி. கடைசி இரண்டுக்கும் துபாஷியின் பெயர் ரொசெட்டா. புதிய ரொசெட்டா வரிக்கு வரி நின்று பேசுவதில்லை. பெரும்பகுதியை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் வேகம். ஆனால் முதல் ரொசெட்டாவை 2011-இல் எடுத்துவிட்டார்கள். இரண்டாவதையும் சில ஆண்டுகளில் பெரும்பாலும் நிறுத்திவிடப்போவதாக 2025-இல் அறிவித்துவிட்டார்கள். துபாஷிக்கு நிரந்தர வேலை எங்கும் இல்லை.

இது பெரிய நிறுவனங்களின் கவலை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் வாசலிலும் ஒரு புதிய கட்டமைப்பு வந்து நிற்கிறது. 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க் ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதி பிறந்தது. யாருக்கும் உரிமக் கட்டணம் கட்டாமல் அதை எடுத்து யாரும் நுண்செயலி செய்யலாம். அதைக்கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி அவர்களின் குழு 2014 முதல் சக்தி என்ற நுண்செயலி வரிசையை வடிவமைத்து வருகிறது. 2018-இல் அதன் சில்லுகள் கைக்கு வந்தன. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் என்ற சில்லை அறிவித்தார்கள். அது மொகாலியில் உள்ள நம் அரசின் குறைக்கடத்தி ஆய்வகத்தில் வார்க்கப்பட்டது. சி-டாக் நிறுவனமும் வேகா என்ற வரிசையை அதே கட்டளைத் தொகுதியில் செய்கிறது. நாம் வேலைக்குப் போகும் காலத்தில் எடை காட்டும் கருவிக்குள்ளோ மின்மானிக்குள்ளோ இப்படி ஒரு சில்லு இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். அன்றைக்கு அதில் ஓட்ட நம்மிடம் என்ன இருக்கும்?

பழைய நிரல்களை எல்லாம் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். "ஓடறத ஏன்பா தொடற?" என்று சூப்பர்வைசர் கேட்டது நியாயமான கேள்வி. வாசலில் லாரி நிற்கும்போது புது நிரல் எழுதுகிறேன் என்று உட்கார முடியாது. புதிதாக எழுதினால் புதிய தவறுகளும் வரும். பழைய நிரல் தன் தவறுகளில் பலவற்றை இருபது ஆண்டு அடிபட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறது. எழுதியவர் கிடைக்காத இடத்தில் துபாஷியைத் தவிர வேறு கதியில்லை. அங்கே அவனுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். நான் வருந்துவது வேறொன்றுக்கு. மூலநிரலை இனிமேல்தான் எழுதப்போகிற நாமே, கற்கும் முதல் நாளில் துபாஷிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறோமே! டர்போ சி-க்குள் மட்டும் எழுதிப் பழகிய ஒருவனின் நிரல் பிறக்கும்போதே முப்பது வயது கிழம். அதைச் சக்தியில் ஓட்டவேண்டுமானால் அதற்கும் ஒரு துபாஷி வேண்டும். நாடெங்கும் எத்தனையோ பயிற்சி நிலையங்களிலும் கல்லூரிகளிலும் இது இன்றும் வழக்கம். பாடநூல்களின் எடுத்துக்காட்டுகள் அப்படி, வினாத்தாள்களும் அப்படி. சொல்லிக்கொடுப்பவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர்கள் கற்ற காலத்தில் அதுவே புதியது.

சோதித்துப் பார்த்தேன். எடைச் சீட்டின் கணக்குப் பகுதியைப் பொது சி மொழியில், எந்தக் கம்பைலரின் பழக்கவழக்கமும் கலக்காமல், எடை எண்ணுக்கு 32 பிட் என்று வெளிப்படையாகக் குறித்து எழுதினேன். ஆய்வகக் கணிப்பொறியில் ஓடியது. பிறகு அதே மூலநிரலை, ஓர் எழுத்தும் மாற்றாமல், ரிஸ்க் ஃபைவுக்கான கம்பைலரிடம் கொடுத்தேன். சக்திச் சில்லுக்கு நான் எங்கே போவேன்? கெமு என்ற இன்னொரு துபாஷியை வைத்துத்தான் ஓட்டினேன். (ஆம், இங்கே நானும் அவனை அழைத்தேன். இல்லாத புதிய பொறிக்காக அழைப்பது வேறு, தொலைந்துபோன பழைய பொறிக்காக அழைப்பது வேறு.) லோடு வண்டி 38,460. டாட்டா ஏஸின் கழிவு 25. நிகரம் 1,215. இரண்டு கட்டமைப்பிலும் ஒரே விடை. அந்த மாலை ஆய்வக உதவியாளர் கதவைப் பூட்ட வந்து நிற்கும்வரை, திரும்பத் திரும்ப எண்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. இறுதியாண்டு மாணவர்கள் செய்யும் திட்டப்பணிகளில் சில நம் ஊருக்கே பயன்படக்கூடியவை. நெல் மண்டிக் கணக்கு, மீன் ஏலக் கணக்கு, ஊராட்சிக் குடிநீர் வரி, இப்படி. மதிப்பெண் வந்ததும் அவை மறைந்துவிடுகின்றன. அவற்றின் மூலநிரலைத் துறை நூலகத்தில் ஓர் அலமாரியில் சேர்த்து வைக்கவேண்டும். குறைந்தது இரண்டு வகைக் கட்டமைப்பில் ஓடுகிறதா என்று பார்த்தபின் ஏற்றுக்கொள்ளவேண்டும். சிப்காட்டில் உள்ள சிறு ஆலைகள் மென்பொருள் வாங்கும்போது மூலநிரலின் ஒரு பிரதியையும் கேட்டு வாங்கும்படி அவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் நம்மைவிட அருகில் யார் இருக்கிறார்கள்? நம் வகுப்பில் பாதிப்பேரின் அப்பாவோ அண்ணனோ அங்கேதான் இருக்கிறார்கள்.

சூப்பர்வைசரிடம் என் நிரலைக் காட்டினேன். ஐந்து கிலோ விவரத்தையும் சொன்னேன். சிறிது நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம்பா, முதலாளிகிட்ட பேசறேன்" என்றார். பொங்கல் முடிந்துவிட்டது. தந்தையார் அவரிடம் நினைவூட்டவில்லை. நானும் தந்தையாரை வற்புறுத்தவில்லை. டாட்டா ஏஸ்காரர் மட்டும் போன வாரம், கையால் எழுதின சீட்டு மறுபடி எப்போது போடுவீர்கள் என்று தந்தையாரிடம் கேட்டாராம்.

அலமாரிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அதுவரை என் நிரலின் அச்சுப்பிரதியைத் துறை நூலகத்தில் வைத்துக்கொள்ளப் பேராசிரியர் இசைந்திருக்கிறார். மொத்தம் 143 வரிகள். கழிவுக் கணக்கு 61-ஆம் வரியில் இருக்கிறது. தவறு இருந்தால் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள்.